சிசிலித் துறைமுக ஊரில் ஒரு குடித்தனம்

இத்தாலி என்றதும் நம் நாட்டுப் பெண்களுக்கு ரோமும் மிலானும் சாய்ந்த கோபுரமும் நினைவுக்கு வரும். அடுத்ததாக, அங்கே உழைக்கப் போன யாராவது ஓர் உறவினர் நினைவுக்கு வருவார். பெரிய நகரங்களில் இருப்பவர்களின் கடிதங்களில் ரயிலும் வாடகையும் குளிருமே நிறைந்திருக்கும். நான் சொல்லப்போவது அத்தகைய நகரம் ஒன்றைப் பற்றியல்ல. சிசிலித் தீவின் தென்மேற்குக் கரையில், மஸாரோ என்ற சிற்றாறு கடலில் கலக்கும் இடத்தில் மஸாரா தெல் வல்லோ என்றொரு மீன்பிடி ஊர் இருக்கிறது. ஏறத்தாழ 50,000 பேர் வாழ்கிறார்கள். கடலுக்கு அப்பால் துனீசியா. சிசிலிக்கும் துனீசியாவுக்கும் இடையே கடல் மிக ஒடுங்கும் இடத்தில் சுமார் 150 கிலோமீட்டர்தான் தூரம்.

என் கணவருக்கு இங்கே மீன் குளிரூட்டும் களஞ்சியமொன்றில் வேலை கிடைத்து, 2017ஆம் ஆண்டு நாங்கள் குடிவந்தோம். நான் பேருவளையில் பிறந்தவள். வலையும் ஐஸ் பெட்டியும் விடியற்காலை ஏலக் குரலும் எனக்குப் புதியவையல்ல. என்னை வியக்க வைத்தவை வீடுகளுக்குள்ளேயும் தெருவிலும் நடக்கும் சின்னச் சின்னக் காரியங்கள்தாம்.

பகலில் உறங்கும் ஊர்

லுஹர் நேரத்தில் ஜன்னலைத் திறந்து பார்த்தால் ஊரடங்குச் சட்டம் போட்டது போலிருக்கும். பகல் ஒரு மணியளவில் கடைகள் பூட்டப்படும். மீண்டும் திறப்பது நான்கு, கோடையானால் ஐந்து மணிக்குத்தான். மரக்கறிக் கடைக்காரர், தையற்காரர், சிகை அலங்கரிப்பவர் எல்லோரும் வீட்டுக்குப் போய்ச் சாப்பிட்டுச் சாய்ந்துவிடுவார்கள். அந்த வேளையில் அடுத்த வீட்டு மணியை அடிப்பது மரியாதைக் குறைவு.

மாலையில் ஊர் விழித்துக்கொள்ளும். நல்ல உடுப்பு உடுத்து, தலை வாரி, சப்பாத்துத் துடைத்துக் குடும்பம் குடும்பமாக வெளியே வருவார்கள். எங்கே போகிறார்கள் என்று கேட்டால் எங்கேயும் இல்லை! கடற்கரை வீதியில் இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் நடப்பதுதான். இதற்கு 'பஸ்ஸெஜியாத்தா' என்று பெயர். யார் வீட்டில் குழந்தை பிறந்தது, யாருக்குச் சுகமில்லை, எந்தப் பெண்ணுக்குப் பேச்சு நடக்கிறது என்ற செய்திகளெல்லாம் அந்த நடையில்தான் கைமாறும். இராச் சாப்பாடு எட்டரைக்கு மேல்தான். கோடையில் பத்து மணிக்கும் கைக்குழந்தைகள் வண்டியில் உட்கார்ந்து ஊர் பார்த்துக்கொண்டிருக்கும். ஏழரைக்கே பிள்ளைகளை உறங்க வைத்துப் பழகிய தாய்க்கு இது பெரும் சோதனை.

கடைக்குள் நுழைந்தால் வாங்குவதற்கு முன் அங்கிருக்கும் எல்லோருக்கும் பொதுவாக 'புவொன்ஜோர்னோ' சொல்ல வேண்டும். சொல்லாதவரைக் கர்வம் பிடித்தவர் என்றே நினைப்பார்கள். ஒருவர் வீட்டுக்குள் நுழையும்போது, கதவு திறந்திருந்தாலும், அவரே வாருங்கள் என்று கூப்பிட்டாலும், வாசற்படியில் நின்று 'பெர்மெஸ்ஸோ?' என்று கேட்பார்கள். 'அனுமதி உண்டா?' என்பது அதன் பொருள். அனுமதி கேட்டு, ஸலாம் சொல்லித்தான் பிறர் வீட்டுக்குள் போக வேண்டும் என்று சொல்லிச் சொல்லி வளர்க்கப்பட்ட நமக்கு இந்தப் பழக்கம் எவ்வளவு நெருக்கமானது! வயதில் மூத்த பெண்களை உறவில்லாவிட்டாலும் 'ஸீயா' என்று அழைப்பதும் இங்கு உண்டு. நாம் மாமி, சாச்சி என்போமே, அதுதான்.

தண்ணீரும் காற்றும்

ஐரோப்பாவுக்குப் போகும் நம் பெண்கள் வாய்விட்டுச் சொல்லாத கவலை ஒன்று உண்டு. கழிப்பறையில் தண்ணீர் இருக்குமா என்பதுதான் அது. பல நாடுகளில் கடதாசிதான் கதி. இத்தாலி அப்படியல்ல. கழுவுவதற்கென்றே குழாயுடன் கூடிய தனிப் பீங்கான் தொட்டி இங்கே வீட்டுக்கு வீடு உண்டு. 'பிதே' என்பார்கள். இதைச் சட்டமே கேட்கிறது. ஒவ்வொரு வீட்டிலும் குறைந்தது ஒரு குளியலறையில் அது இருக்க வேண்டும் என்று 1975ஆம் ஆண்டு சுகாதார அமைச்சின் ஆணை ஒன்று விதித்திருக்கிறது. வேறு ஐரோப்பிய நாடுகளுக்குப் போய்வரும் இத்தாலியர்கள் முதலில் குறைசொல்வதும் இது இல்லாததைப் பற்றித்தான்.

தண்ணீரை இவ்வளவு விரும்புகிறவர்கள் காற்றுக்குப் பயப்படுவார்கள். ஈரத் தலையோடு முற்றத்தில் நின்றால் போதும், மேல்மாடி ஜன்னலிலிருந்து ஒரு குரல் அதட்டும். கழுத்தில் காற்றுப் பட்டால் பிடரி பிடிக்கும், வயிற்றில் பட்டால் வயிறு கெடும் என்பது இவர்கள் நம்பிக்கை. 'கொல்போ தாரியா', அதாவது 'காற்றடி', என்று அதற்கொரு பெயரே வைத்திருக்கிறார்கள். சாப்பிட்ட கையோடு பிள்ளைகளைக் கடலில் இறங்கவும் விடமாட்டார்கள். பனியில் நிற்காதே, தலையைத் துவட்டு என்று விரட்டிய என் உம்மும்மாவின் குரலை இத்தாலிய மொழியில் கேட்பது போலிருந்தது.

எங்கள் வீட்டுக் கடிதப்பெட்டிகளைப் பார்த்தபோது இன்னொன்று புரிந்தது. கணவன் பெயர் ஒன்று, மனைவி பெயர் வேறொன்று. இத்தாலியப் பெண் கலியாணத்தின் பின்னும் தந்தை வழி வந்த தன் குடும்பப் பெயரை விடுவதில்லை. 1975இல் திருத்தப்பட்ட குடும்பச் சட்டத்தின்படி கணவனின் பெயரைத் தன் பெயரோடு சேர்த்துக்கொள்ளலாம். ஆனால் அலுவலகப் பத்திரங்களில் பிறந்த பெயர்தான் இருக்கும். "உங்கள் பெயரும் கணவர் பெயரும் ஏன் வேறுபடுகின்றன?" என்ற கேள்விக்கு வேறு நாடுகளில் பதில் சொல்லிக் களைத்த நம் சகோதரிகள் பலர். இங்கே அதை ஒருவரும் கேட்டதில்லை. அடையாள அட்டைப் படமும் அப்படித்தான். முகம் தெளிவாகத் தெரிந்தால் தலையை மூடிய படத்தை ஏற்கலாம் என்று உள்துறை அமைச்சு 1995ஆம் ஆண்டிலேயே சுற்றறிக்கை அனுப்பியிருக்கிறது.

குசினியில் கண்டவை

நாம் குசினி என்கிறோம், இவர்கள் 'குச்சீனா' என்கிறார்கள். நாம் அலுமாரி என்கிறோம், இவர்கள் 'அர்மாதியோ' என்கிறார்கள். போர்த்துக்கேயர் நம்மிடம் விட்டுச் சென்ற சொற்கள் அவை. போர்த்துக்கேய மொழியும் இத்தாலிய மொழியும் லத்தீன் தாயின் பிள்ளைகள் ஆனபடியால், பாஷை தெரியாத முதல் மாதங்களில் இப்படிச் சில சொற்கள் உறவுக்காரர் போல் கைகொடுத்தன.

பாண் இல்லாமல் ஒரு வேளையும் இங்கே நகராது. இந்தப் பகுதியின் பாணில் மேலே எள்ளு அப்பியிருக்கும். பாண் துண்டு கீழே விழுந்தால் எடுத்து முத்தமிடும் மூத்த பெண்களைக் கண்டிருக்கிறேன். பாணைக் கவிழ்த்து வைத்தாலும் முகம் சுளிப்பார்கள். ரிஸ்கை மதிக்கும் மனம் எல்லா ஊர்த் தாய்மாரிடமும் ஒன்றுதான் போலும்.

என்னை அதிகமாகக் கவர்ந்தது மீன் கூஸ்கூஸ். இந்தக் கரையோரத்துக்கே உரிய உணவு இது. அகன்ற மண்சட்டியில் ரவையைக் கொட்டி, தண்ணீர் தெளித்துத் தெளித்து, விரல் நுனியால் வட்டமாகத் தேய்த்துச் சிறு மணிகளாக உருட்டுகிறார்கள். பிட்டுக்கு மா குழைக்கும் அதே கைவாகு! பிறகு துளையுள்ள சட்டியில் இட்டு, கீழே தண்ணீர்ப் பானையை வைத்து, இரண்டும் சேரும் இடத்தில் ஆவி போகாமல் மாவைத் திரியாக ஒட்டி அவிக்கிறார்கள். மேலே ஊற்றுவது மீன் ஆணம். தேங்காய்ப்பால் ஒன்றுதான் குறை.

ஆனால் கவனமும் வேண்டும். 'ஸ்த்ரூத்தோ' என்றால் பன்றிக் கொழுப்பு. சில பாண்களிலும் பலகாரங்களிலும் அது கலந்திருக்கும். கேக் வகைகள் சிலவற்றில் பக்கத்து ஊரான மர்ஸாலாவின் திராட்சை மது சேரும். இங்கு வரும் நம் பெண்கள் எழுத்துக்கூட்டி வாசிக்கக் கற்க வேண்டிய முதற் பாடப் புத்தகம் பொதிகளின் பின்பக்கம்தான். எங்கள் கீழ்வீட்டில் எழுபது கடந்த விதவைத் தாய் ஒருவர் இருக்கிறார். எங்களுக்கு ஆகாதவை இன்னின்ன என்று நான் சொன்ன மறுவாரம் ஒரு தட்டு பிஸ்கட் கொண்டுவந்தார். மற்றக் கையில் அவர் பாவித்த எண்ணெய்ப் போத்தல்! "வாசித்துப் பார், பிறகு பிள்ளைக்குக் கொடு" என்றார். மார்க்கம் வேறான ஒருவர் நம் பேணுதலுக்கு இவ்வளவு மதிப்புத் தருவதைக் கண்டு எனக்குப் பேச்சு வரவில்லை.

பழைய சொந்தம்

இந்தக் கரைக்கு முஸ்லிம்கள் வந்தது நேற்றல்ல. கி.பி. 827இல் கைரவான் நகரத்துக் காழியான அஸத் இப்னு அல்ஃபுராத்தின் தலைமையில் வந்த படை இறங்கியது மஸாராவில்தான். பதினோராம் நூற்றாண்டில் நோர்மானியர் கைப்பற்றும்வரை அறபியர் ஆட்சி இங்கு நீடித்தது. அவர்கள் போன பின்னும் சொற்கள் போகவில்லை. சிசிலிக்காரர் எள்ளை 'ஜுஜ்ஜுலேனா' என்கிறார்கள். அறபியில் ஜுல்ஜுலான். தோடைப் பூ 'ஸாகரா', தண்ணீர்த் தொட்டி 'ஜெப்பியா', பிரேதப் பெட்டி 'தப்பூத்து'. தாபூத் என்ற அறபுச் சொல்லை அறிந்தவர்களுக்கு விளக்கம் வேண்டியதில்லை.

பழைய நகரத்தின் வளைந்து ஒடுங்கிய சந்துகளுக்கு இன்றும் 'கஸ்பா' என்றே பெயர். ஊர்க்காரர் புதுக் குடியிருப்புகளுக்கு மாறியபோது வெறுமையான வீடுகளில், 1960களின் கடைசியிலிருந்து மீன்பிடிப் படகுகளில் வேலைக்கு வந்த துனீசியக் குடும்பங்கள் குடியேறின. ஹலால் இறைச்சி வாங்க நான் போவதும் அந்தச் சந்துகளுக்குத்தான். என் முதல் இத்தாலிய வசனங்களைக் கற்றுத் தந்தவரும் அங்குள்ள ஒரு துனீசிய ராத்தாதான். அவருடைய கணவர் ஆழ்கடல் படகில் போகிறவர். சிவப்பு இறால் தேடி வாரக்கணக்கில் கடலில் இருப்பார்கள்.

அந்த 108 நாட்கள்

2020 செப்டம்பர் 1ஆம் திகதி, மஸாராவின் இரண்டு படகுகளை லிபியாவுக்கு அப்பாலுள்ள கடலில் கிழக்கு லிபியப் படையினர் பிடித்தார்கள். 18 பேர் பெங்காஸியில் தடுத்து வைக்கப்பட்டார்கள். இத்தாலியர் 8, துனீசியர் 6, செனகல் நாட்டவர் 2, இந்தோனேசியர் 2. எங்கள் ராத்தாவின் கணவர் அந்தப் படகுகளில் இல்லை. ஆனாலும் கடலில் ஆண் இருக்கும் எந்த வீட்டிலும் அந்த நாட்களில் நிம்மதியான உறக்கம் இருக்கவில்லை.

பிடிபட்டவர்களின் குடும்பத்தினர் ரோமுக்குப் போய்ப் பாராளுமன்றத்தின் முன்னால் தங்கிப் போராடினார்கள். இங்கே மாலை நடையில் பேச்சு அது ஒன்றுதான். கீழ்வீட்டுத் தாய் ஜெபமாலையோடு உட்கார்ந்திருப்பார். ராத்தா தஸ்பீஹோடு வந்து அதே திண்ணையில் உட்காருவார். இருவருக்கும் நான் பிளேன் டீ ஊற்றிக் கொடுப்பேன். எந்த நாட்டு மாலுமி, எந்த மார்க்கம் என்ற கணக்கு அந்தத் திண்ணையில் எழவில்லை. டிசம்பர் 17ஆம் திகதி, 108 நாட்களின் பின் அவர்கள் விடுதலையானார்கள். மூன்று நாள் கழித்துப் படகுகள் மஸாராத் துறைமுகத்துக்குத் திரும்பின.

வெளிநாட்டில் குடித்தனம் நடத்தப்போகும் சகோதரிகள் என்னிடம் கேட்பது, "அங்கே நமக்கு ஒத்துவருமா?" என்றுதான். கடை பூட்டும் நேரமும் சாப்பாட்டு நேரமும் ஆறு மாதத்தில் பழகிவிடும். பாஷைக்கு இரண்டு வருடம் வேண்டும். நம் பேணுதலை நாமே தெளிவாக, சிரித்த முகத்தோடு சொல்லிவிட்டால் அயலவர் பெரும்பாலும் மதிக்கிறார்கள். ஆனால் ஓர் ஊர் நமக்குச் சொந்தமாவது அதன் அதிசயங்களைப் பார்த்து முடித்த பிறகல்ல, அதன் கவலையில் நமக்கும் ஒரு பங்கு வந்த பிறகுதான். ராத்தாவின் கணவர் இப்போதும் கடலுக்குப் போகிறார். அவர் போகும் நாட்களில் வானிலை அறிக்கையை எங்கள் வீட்டிலும் கேட்கிறோம்.