வெயிலும் காற்றும் ஒரே பெட்டியில் அடங்காது

ஆனி, ஆடியில் பணகுடிப் பக்கம் மொட்டைமாடியில் நின்றால் காற்று ஆளைத் தள்ளும். தென்மேற்குப் பருவக்காற்று ஆரல்வாய்மொழிக் கணவாய் வழியே நெருக்கிக்கொண்டு வருகிற பாதை அது. முப்பந்தலில் அத்தனை காற்றாலைகள் நிற்பதும் அதனால்தான். இந்தக் காற்றில் வீடுகளுக்கு சோலார் மாட்டுகிறவர்கள் எப்படி வேலை செய்கிறார்கள் என்று பார்க்கப் போயிருந்தேன்.

550 வாட் பேனல் ஏழடிக்கு மேல் நீளம், எடை முப்பது கிலோவை நெருங்கும். தூக்கும்போது காற்று ஓங்கினால் பாய்மரம்தான். அதனால் விடிந்ததும் ஆறு பேனலையும் மாடிக்கு ஏற்றிவிட்டார்கள். அதற்குப் பிறகுதான் உண்மையான வேலை.

குழுவின் தலைவருக்கு ஐம்பது வயதுக்கு மேல் இருக்கும். எல்லோருக்கும் அவர் அண்ணாச்சி. வீட்டு ஒயரிங்கில் கை பழகி இந்தத் தொழிலுக்கு வந்தவர். "வீட்டு வேலைன்னா மெயினை ஆஃப் பண்ணிட்டுத் தைரியமா கை வைக்கலாம் சார். இதுக்கு மெயின் அங்கல்லா இருக்கு" என்று அண்ணாந்து சூரியனைக் காட்டினார்.

ஒரு பேனல் சுமையில்லாமல் 50 வோல்ட் அளவுக்குக் காட்டும். ஆறையும் வரிசையாகக் கோத்தால் 300 வோல்ட் டிசி. வெயில் இருக்கும்வரை அந்த ஒயரில் உயிர் இருக்கும். வீட்டுக்கு வரும் ஏசி, நொடிக்கு நூறு முறை சுழியைத் தொட்டுத் திரும்புவதால் பொறி கிளம்பினாலும் சீக்கிரம் அறுந்துவிடும். டிசிக்கு அந்த இடைவெளியே கிடையாது. கரண்ட் ஓடும்போது இணைப்பைப் பிடுங்கினால் தீ ஒயரோடு கூடவே நீளும். உதவிக்கு வந்த பையன் கனெக்டரில் கை வைக்கப் போனான். "எலே, முதல்ல ஐசொலேட்டர்!" என்று, இணைப்பைத் துண்டிக்கும் சுவிட்சை முதலில் அணைக்கச் சொல்லி அண்ணாச்சி போட்ட சத்தம் தெருவரை கேட்டது. விலை குறைவென்று ஏசிக்கான எம்சிபியை டிசி பெட்டியில் மாட்டுகிறவர்களும் உண்டு. தேவைப்படும் நேரத்தில் அது பொறியை அறுக்காது, அதுவே எரியும்.

அவருடைய டூல்ஸ் பெட்டியில் பேனல் ஒயர்களைக் கோக்கும் எம்சி ஃபோர் கனெக்டர் ஒன்று உருகிப்போய்க் கிடக்கிறது. புதுப் பையன்களுக்குக் காட்டுவதற்காக வைத்திருக்கிறார். அதன் உள்ளே இருக்கும் பின்னை யாரோ கிரிம்பிங் டூல் இல்லாமல் கட்டிங் பிளேயரால் நசுக்கியிருக்கிறார்கள். இப்படிப்பட்ட மூட்டில் பத்தில் ஒரு ஓம் தடை கூடினாலே, 13 ஆம்பியர் ஓடும்போது கிட்டத்தட்ட 17 வாட் சூடு விரல்நுனி அளவு இடத்தில் குவியும். கனெக்டரின் ஆண் முனையை ஒரு கம்பெனியிலும் பெண் முனையை இன்னொரு கம்பெனியிலும் வாங்கிச் சொருகினாலும் இதே கதைதான். மாட்டுகிற அன்று தெரியாது, இரண்டு கோடை தாண்டித்தான் தெரியும்.

எர்த் போடுவதற்குத்தான் நேரம் அதிகம் போனது. டிசிக்கு ஒன்று, ஏசிக்கு ஒன்று, இடிதாங்கிக்கு ஒன்று என மூன்று குழி. கொஞ்சம் தோண்டியதுமே பாறை. முதல் கம்பியில் எர்த் டெஸ்டர் 11 ஓம் காட்டியது. ஐந்துக்குக் கீழே வர வேண்டும் என்று இன்னொரு கம்பியைத் தள்ளி இறக்கி இரண்டையும் சேர்த்துக் கட்டினார். இந்த வேலைக்குத் தனிக் கூலி இல்லை. கிலோவாட்டுக்கு இவ்வளவு என்றுதான் அவர்களுக்குப் பேச்சு. ஆக, அளக்கிற ஒவ்வொரு மணி நேரமும் அவர்கள் கையை விட்டுப் போகிற காசு. 2024 பிப்ரவரியில் ஒன்றிய அரசின் சூரிய வீடு திட்டம் வந்து, 3 கிலோவாட்டுக்கு 78,000 ரூபாய் மானியம் என்றான பிறகு வேலை குவிகிறது. வேகத்துக்குத்தான் மதிப்பு.

வீட்டுக்கார அம்மா காப்பி கொண்டுவந்து வைத்துவிட்டு, "அண்ணாச்சி, கரண்ட் போனா ஃபேன் ஓடும்லா?" என்று கேட்டார். ஓடாது. பேட்டரி இல்லாத கிரிட் இன்வர்ட்டர், லைனில் மின்சாரம் நின்றதும் தானும் நின்றாக வேண்டும். இல்லாவிட்டால் கம்பத்தில் ஏறியிருக்கும் லைன்மேனுக்கு இந்த வீட்டு மின்சாரமே எமன். அம்மாவின் முகம் வாடிவிட்டது. விற்கிறபோதே சொல்ல வேண்டியதை ஒயர் இழுக்க வந்தவர் சொல்லும்படி விடுவது எனக்கு மோசடிக்குப் பக்கத்தில்தான் தெரிகிறது.

டிரான்ஸ்பார்மருக்குத் தூரத்தில், லைனின் கடைசியில் இருந்த ஒரு வீட்டில் வேறு தொல்லை. உச்சிவெயிலில் இன்வர்ட்டர் அடிக்கடி நின்றுபோகிறது. வெளியே அனுப்புகிற மின்சாரம் மெல்லிய ஒயரை எதிர்த்துப் போக, வீட்டு வோல்டேஜ் ஏறுகிறது. 230-க்குப் பத்து சதவீதம் கூடி 253-ஐத் தொட்டால் பல இன்வர்ட்டர்கள் விலகிக்கொள்ளும். அந்த வரம்பின் செட்டிங்கை ஏற்றிவிட்டால் நிற்காது, ஆனால் வீட்டு டிவியும் பிரிட்ஜும் அந்த வோல்டேஜைத் தாங்க வேண்டும். அண்ணாச்சி செட்டிங்கைத் தொடவில்லை. தளர்ந்திருந்த நியூட்ரலை முறுக்கி, இன்வர்ட்டரிலிருந்து மீட்டர் வரை கனமான கேபிள் மாற்றினார்.

ஊருக்கு வெளியே ஒரு தோட்ட வீட்டில் பேட்டரியோடு சின்னக் காற்றாடியும் இருந்தது. முன்பு மாட்டியவர் அதன் ஒயரை சோலார் சார்ஜ் கன்ட்ரோலரிலேயே கொடுத்திருந்தார். பேட்டரி நிரம்பியதும் அந்தக் கன்ட்ரோலர் இணைப்பைத் துண்டித்துவிடும். பேனலுக்கு அதனால் ஒன்றுமில்லை, வெயிலில் சும்மா கிடக்கும். காற்றாடி சும்மா கிடக்காது. சுமை போனதும் கட்டவிழ்ந்து சுழலும். ஆடிக் காற்றில் ஓர் இறக்கை விரிசல் விட்டது அப்படித்தான். காற்று இரண்டு மடங்கானால் அதிலுள்ள சக்தி எட்டு மடங்கு. மிஞ்சுகிற மின்சாரத்தை எரித்துத் தீர்க்கத் தடைச்சுருள் வைத்த தனிக் கன்ட்ரோலர் கட்டாயம். நிறுத்துவதற்கு மூன்று பேஸையும் ஷார்ட் செய்யும் பிரேக் உண்டு, அதையும் காற்று தணிந்தபோதுதான் போட வேண்டும். பலத்த காற்றில் போட்டால் காயில் கருகும்.

வெட்டவெளித் தோட்டத்தில் உயரமான கம்பம் நட முடிந்தவர்களுக்குக் காற்றாடி சரி. தெருவீட்டு மாடியில், தண்ணீர்த் தொட்டிக்கும் பக்கத்து வீட்டுச் சுவருக்கும் நடுவே காற்று சுழன்று உடைகிற இடத்தில் அது வீண்செலவு. அந்தப் பணத்துக்குக் கூட இரண்டு பேனல் போடலாம்.

பேனல் எந்தக் கம்பெனி என்று எல்லோரும் விசாரிக்கிறோம். எர்த் எத்தனை ஓம் என்றும் கேளுங்கள், அளந்து காட்டச் சொல்லுங்கள். வேலை தெரிந்தவர் முகம் சுளிக்க மாட்டார், டெஸ்டரை எடுத்துக்கொண்டு குழியடிக்கே கூட்டிப்போவார். காட்ட மறுக்கிறவருக்குக் கடைசித் தவணையைக் கொடுக்காதீர்கள்.