தொப்பூர் ஏற்றத்தில் தெரிந்துவிடும்

ஓமலூரைத் தொட்டுப் போகும் 44-ஆம் எண் தேசிய நெடுஞ்சாலையின் தென்முனை கன்னியாகுமரி, வடமுனை ஸ்ரீநகர். பெங்களூரு, ஹைதராபாத், நாக்பூர், ஜான்சி, டெல்லி, ஜம்மு எல்லாம் இந்த ஒரே சாலையில்தான் வருகின்றன. அதனாலோ என்னவோ, லடாக் போகப் பழைய பைக் தேடும் பிள்ளைகள் எங்கள் பக்கம் அதிகம். "அண்ணே, ஒருக்கா வந்து வண்டியப் பாத்துச் சொல்லுங்க" என்று பட்டறைக்கு வருவார்கள். எத்தனை சிசி எடுக்கலாம் என்பதுதான் அவர்கள் கேள்வி. நாக்பூர் தாண்டி ஒரு சின்ன ஊரில் கிளட்ச் கேபிள் அறுந்தால் அங்கே அது கிடைக்குமா என்பது என் கேள்வி.

விசாகப்பட்டினத்துக்காரரான பரத்வாஜ் தயாளா 2006-ல் கிளம்பி உலகத்தைச் சுற்றி வந்தது ஹீரோ ஹோண்டா கரிஸ்மாவில். அருமையான இன்ஜின், மறுக்கவில்லை. ஆனால் இன்று ஒரு பழைய கரிஸ்மாவை வாங்குகிறவர் பாதி நேரம் பாகம் தேடித்தான் அலைவார். புல்லட் நம்ம மெட்ராஸில் 1955 முதல் செய்யப்படுகிறது, வடக்கே எந்த மலையூரிலும் அதைப் பிரிக்கத் தெரிந்தவர் இருக்கிறார். ஆனால் பழைய வார்ப்பிரும்பு இன்ஜின் புல்லட், ஸ்பேனர் பிடிக்கத் தெரிந்தவருக்கு மட்டும். மற்றவர்களுக்கு நான் சொல்வது 2017-க்கும் 2020 மார்ச்சுக்கும் இடையில் வந்த பிஎஸ்-4 வண்டிகளில் ஒரு சாதாரண 150 சிசி. பல்சர், யூனிகார்ன் மாதிரி. அவற்றில் பெரும்பாலானவை கார்புரேட்டர். மேலே காற்று மெலிந்ததும் கரும்புகை விடும், பிளக் கறுக்கும், இழுவை குறையும். இன்ஜெக்ஷன் வண்டி இதைத் தானே சமாளித்துக்கொள்ளும். ஆனால் அதன் பெட்ரோல் பம்ப் நின்றுவிட்டால் ரோட்டோர மெக்கானிக் கையை விரிப்பார். கார்புரேட்டரில் அடைப்பு என்றால் கழற்றி ஊதி மாட்டிவிடலாம்.

வண்டியின் முந்தைய வாழ்க்கையைப் படிப்பதுதான் இந்தத் தொழிலில் எனக்குப் பிடித்த வேலை. எங்கள் வட்டாரத்தில் விலைக்கு வரும் வண்டிகளில் இரண்டு ரகத்தை உடனே அடையாளம் கண்டுகொள்வேன். ஒன்று, பால் வண்டி. பின்பக்க ஃப்ரேமில் கேன் கொக்கி உரசிய தழும்பு இருக்கும், பெயின்ட் அடித்தாலும் விரலுக்குத் தட்டுப்படும். பின்சக்கரத்தைப் பிடித்து இடவலமாக ஆட்டினால் ஸ்விங்ஆர்ம் புஷ் லொடலொடக்கும். லடாக்குக்கு மூட்டை கட்டப்போவது அதே இடத்தில்தான், எனவே வேண்டாம். இன்னொன்று, லாரி டிரைவர் அல்லது திருச்செங்கோடு போர்வெல் வண்டிக்காரர் வீட்டு பைக். ஆள் மாதக்கணக்கில் வடக்கே இருப்பார், வண்டி தார்ப்பாய்க்குள் தூங்கும். மீட்டரில் கிலோமீட்டர் குறைவு என்று பிள்ளைகள் துள்ளுவார்கள். டேங்க் மூடியைத் திறந்து டார்ச் அடித்தால் உள்ளே துரு. ஃபோர்க் ஆயில் சீல் காய்ந்திருக்கும், டயர் ஓரத்தில் வெடிப்பு. டயரின் பக்கவாட்டில் நான்கு இலக்கம் இருக்கும். 2319 என்றால் 2019-ஆம் ஆண்டின் 23-ஆவது வாரம் செய்தது. பட்டன் தேயவில்லை என்பதற்காக அதில் கார்கில் வரை போக முடியாது. தினம் வேலைக்குப் போய் 50,000 ஓடிய வாத்தியார் வண்டி எனக்கு மேல்.

மீட்டரையும் அப்படியே நம்பிவிட முடியாது. பிரேக் பெடல் ரப்பரும் கிக்கர் ரப்பரும் வழவழவென்று தேய்ந்திருக்க, மீட்டர் 18,000 காட்டினால் சிரித்துவிட்டு வந்துவிடலாம்.

விற்பவரிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள், நாங்கள் வரும்வரை ஸ்டார்ட் செய்ய வேண்டாம் என்று. போனதும் இன்ஜின் மேல் உள்ளங்கையை வையுங்கள். சூடாக இருந்தால், காலையில் ஸ்டார்ட் ஆக அடம் பிடிக்கும் வண்டியோ என்று சந்தேகப்படுங்கள், மறுநாள் வாருங்கள். ஆறிய இன்ஜினில்தான் டைமிங் செயின் சத்தம் ஒளியாமல் கேட்கும். நடு ஸ்டாண்ட் போட்டு முன்சக்கரத்தைத் தூக்கி ஹேண்டிலை மெதுவாகத் திருப்புங்கள். நேர்ப்பாதையில் வந்ததும் சிக்கி நின்றால் கோன்செட் போய்விட்டது. இது சின்னச் செலவுதான், விலையில் குறைத்துக்கொள்ளலாம். ஃப்ரேம் கோணல் அப்படியல்ல. ஒருவர் ஓட்ட, பின்னால் இன்னொரு வண்டியில் போய்ப் பாருங்கள், இரு சக்கரமும் ஒரே கோட்டில் போகின்றனவா என்று. போகவில்லையென்றால் எந்த விலைக்கும் வேண்டாம்.

எல்லாம் சரியென்றால் தொப்பூர். தீவட்டிப்பட்டி தாண்டி, பின்னால் ஆள் உட்கார, தருமபுரிப் பக்கம் கணவாய் ஏறுவோம். இன்ஜின் கத்துகிறது, வேகம் ஏறவில்லை என்றால் கிளட்ச் பிளேட் வழுக்குகிறது. முறுக்கும்போதெல்லாம் நீலப்புகை விட்டால் பிஸ்டன் ரிங். திரும்பி இறங்குகையில் ஆக்ஸிலேட்டரை மூடி மீண்டும் திறந்ததும் மட்டும் ஒரு குப் புகை வந்தால் வால்வு சீல். சீல் மாற்றிக்கொள்ளலாம், ரிங் என்றால் இன்ஜின் பிரிக்க வேண்டும், கணக்கே வேறு. அந்த இறக்கம் விபத்துக்குப் பேர்போனது. பிரேக்கைச் சோதிக்கிறேன் என்று லாரிகளுக்கு நடுவே வித்தை காட்டாதீர்கள்.

காகிதத்தில் அவசரம் கூடாது. கடனில் எடுத்த வண்டியென்றால் ஹெச்.பி. என்ற கடன் பதிவு ரத்தாகியிருக்க வேண்டும். சேஸிஸ் எண்ணை ஆர்.சி.யோடு எழுத்தெழுத்தாக ஒப்பிடுங்கள். டெல்லி வட்டாரத்தில் 15 ஆண்டு தாண்டிய பெட்ரோல் வண்டிகள் மீதான தடையை 2018-ல் உச்ச நீதிமன்றம் உறுதி செய்தது. பின்னர் ஆணைகள் மாறிவருகின்றன, கிளம்பும் வாரம் விசாரித்துக்கொள்ளுங்கள். 29, 30 படிவங்களில் கையெழுத்து வாங்கிப் பையில் வைத்துக்கொண்டு கிளம்புகிறவர்களும் உண்டு. தயவுசெய்து அப்படிப் போகாதீர்கள். ஆர்.சி.யும் இன்சூரன்ஸும் உங்கள் பெயருக்கு மாறிய பிறகே ஓமலூரைத் தாண்டுங்கள்.