நம்ம பசங்க

கிரிக்கெட் ரசிகனுடைய அபிப்ராயங்களில் பெரும்பகுதி உறவு பற்றியவை. ஆட்டம் பற்றியவை மிகக் குறைவு. ஐ.பி.எல். ஏலம் முடிந்த மறுநாள் ஆவடியிலிருந்து சென்ட்ரல் போகும் மின்ரயிலில் ஏறினால் இதைக் கேட்கலாம். "நம்ம பசங்கள விட்டுட்டு எவனெவனயோ எடுத்திருக்கானுங்க சார்" என்று அம்பத்தூரில் ஆரம்பிக்கும் பேச்சு வில்லிவாக்கம் தாண்டியும் ஓயாது. வம்பு என்று ஒதுக்கிவிட முடியாத ஒரு கேள்வி அதில் இருக்கிறது. ஊர்ப்பெயரை வைத்துக்கொண்ட ஒரு அணி அந்த ஊருக்கு என்ன கடன்பட்டிருக்கிறது?

2008 பிப்ரவரியில் நடந்த முதல் ஏலத்தில் சென்னை அணி மகேந்திர சிங் தோனியை 15 லட்சம் டாலருக்கு வாங்கியது. சென்னைக்காரரான விக்கெட் கீப்பர் தினேஷ் கார்த்திக் அந்த வருஷம் டெல்லிக்குப் போனார். 2024இல் ஐ.பி.எல்.லிலிருந்து விலகும்வரை ஆறு அணிகளுக்கு ஆடினார். சென்னைக்கு ஒரு ஆட்டம்கூட ஆடவில்லை. ராஞ்சிக்காரர் நமக்குத் 'தல' ஆனார். யாருக்கும் எதுவும் உறுத்தவில்லை. ஜெயித்துக்கொண்டிருக்கும்போது உறவு தானாக உண்டாகிவிடுகிறது. தோற்கிறபோதுதான் ஜாதகத்தை எடுத்துப் பார்க்கிறோம்.

2023 இறுதி ஆட்டம் இந்த உறவுமுறையைக் கேலிக்குள்ளாக்கியது. மழையால் ஒரு நாள் தள்ளி மே 29 அன்று அகமதாபாத்தில் ஆரம்பித்து, நள்ளிரவைத் தாண்டி மறுநாளுக்குள் நீண்ட ஆட்டம். குஜராத்துக்காக 47 பந்துகளில் 96 ரன் அடித்துச் சென்னையைத் திணற வைத்தவர் சாய் சுதர்சன், சென்னைப் பையன். 2022 ஏலத்தில் குஜராத் அவருக்குக் கொடுத்தது 20 லட்ச ரூபாய். கடைசி இரண்டு பந்துகளில் பத்து ரன் வேண்டியிருந்தபோது ஒரு சிக்ஸரும் ஒரு பவுண்டரியும் அடித்து சென்னையை ஜெயிக்க வைத்த ரவீந்திர ஜடேஜா குஜராத்காரர். அந்த இரவில் 'நம்ம பையன்' யார்? எங்கள் தெருவில் வெடித்த பட்டாசு ஜடேஜாவுக்குத்தான். அது நியாயம்தான் என்றே எனக்குப் படுகிறது. ஆனால் அதற்குப் பிறகும் மண்ணின் மைந்தர் வாதத்தைப் பேசுவதானால் கொஞ்சம் கூச்சம் வேண்டும்.

உறவு உணர்ச்சி தீர்மானங்களுக்குள்ளும் நுழைவதுண்டு. 2024 நவம்பர் ஏலத்தில் அஸ்வினை 9.75 கோடிக்குத் திரும்ப அழைத்தார்கள். வயது 38. மேற்கு மாம்பலத்துக்காரர் வீடு திரும்புகிறார் என்று எல்லோரும் நெகிழ்ந்தோம். 2011 இறுதி ஆட்டத்தில் முதல் ஓவரிலேயே கெய்லை ரன் எடுக்கவிடாமல் வெளியேற்றிய அஸ்வின் எல்லோர் மனதிலும் இருந்தார். நினைவுக்கு விலை கொடுத்தார்கள் என்பதே என் கட்சி. 2025இல் அணி பத்தாவது இடத்தில், கடைசியாக முடித்தது. ஆகஸ்டில் அஸ்வின் ஐ.பி.எல்.லிலிருந்து ஓய்வு பெற்றார். நவம்பரில் ஜடேஜாவையும் சாம் கரனையும் ராஜஸ்தானுக்குக் கொடுத்து சஞ்சு சாம்சனை வாங்கினார்கள். ரயிலில் இதைத் துரோகம் என்றார்கள். முப்பத்தேழை நெருங்கும் ஒருவரைக் கொடுத்து, தோனிக்குப் பின் ஸ்டம்புக்குப் பின்னால் நிற்கப்போகிற முப்பத்தொரு வயதுக்காரரை எடுப்பது துரோகமாகாது. டிசம்பரில் இந்தியாவுக்கு ஆடியிராத பிரசாந்த் வீர், கார்த்திக் சர்மா இருவருக்கும் தலா 14.20 கோடி கொடுத்தது வேறு விஷயம். இளமையை நோக்கித் திரும்பியது சரி. விலையில் பீதி தெரிகிறது.

ஏல விலை தேவையைக் காட்டும், தரத்தைக் காட்டாது. வங்கியில் நகைக்கடன் பார்த்தவர்களுக்கு இது தெரியும். மதிப்பீட்டாளர் உரைகல்லில் உரைத்துப் பார்ப்பது ஓரிடம், ஏலம் கூறுவது வேறிடம். நம் ஆட்டக்காரர்களை உரைத்துப் பார்க்கிற இடம் தமிழ்நாடு கிரிக்கெட் சங்கத்தின் லீக். சாய் சுதர்சன் 2019-20இல் ஆழ்வார்பேட்டை கிளப்புக்காக முதல் டிவிஷனில் எல்லோரையும்விட அதிக ரன் எடுத்தார். கட்டடக்கலை படித்த வருண் சக்கரவர்த்தி நான்காவது டிவிஷனிலிருந்து ஏறி வந்தவர். சின்னப்பம்பட்டி நடராஜனும் கீழ் டிவிஷனிலிருந்து ஜாலி ரோவர்ஸுக்கு வந்தார். இவர்களில் யாரையும் ஐ.பி.எல். உண்டாக்கவில்லை, கண்டெடுத்தது.

அந்த லீக்கில் ஆட்டக்காரனைச் சேர்ப்பது என்றால் முன்பெல்லாம் உத்தியோகம் கொடுப்பது. ஸ்டேட் வங்கி, இந்தியன் வங்கி, கம்பெனிகள் என்று பல அணிகள். விசுவநாத்கூட ஸ்டேட் வங்கி ஊழியர்தான். நான் பரீட்சை எழுதி உட்கார்ந்த வரிசையில், இடதுகைச் சுழற்பந்தால் வந்து உட்கார்ந்த ஒருவர் இருந்தார். முப்பது வயதில் தோள் போயிற்று. வேலையும் பிராவிடண்ட் ஃபண்டும் போகவில்லை. மேஜையில் லெட்ஜரைப் புரட்டும் விரல்களில் மட்டும் பழைய பழக்கம் மிச்சமிருந்தது. அது பெரிய ஏற்பாடு என்று நான் சொல்லவரவில்லை. சம்பளம் சொற்பம், பதவி உயர்வில் பொறாமை, எல்லாம் உண்டு. ஆனால் ஆட்டம் முடிந்த பின்னும் ஆட்டக்காரன் ஒருவன் இருப்பான் என்று அது ஒப்புக்கொண்டது. ஏலத்தில் அந்த ஒப்புதல் கிடையாது. ஒரு பருவம் சறுக்கினால் 'விடுவிக்கப்பட்டவர்கள்' பட்டியல்.

திருமுல்லைவாயிலில் முருகப்பா மைதானம் இருக்கிறது. அம்பத்தூரிலிருந்து ரயிலில் சில நிமிஷம். அங்கே ஒரு லீக் ஆட்டத்தைப் பார்த்துக்கொண்டிருந்த மதியம், பார்வையாளர்களை விரல்விட்டு எண்ண முடிந்தது. அவர்களில் பாதிப்பேர் ஆடுகிறவர்களின் அப்பாக்கள். இந்தப் பத்திரிகையின் வாசகர்களுக்கு அந்த எண்ணிக்கை புதிதாக இராது. யாரோ ஒரு பையன் ஆஃப் ஸ்டம்புக்கு வெளியே போகும் பந்துகளை அரைமணி நேரம் தொடாமல் விட்டுக்கொண்டிருந்தான். அந்தப் பொறுமைக்கு எந்த ஏலத்திலும் விலை கிடையாது.

'நம்ம பசங்களை ஏன் எடுக்கவில்லை' என்று கேட்க நமக்கு உரிமை உண்டு. அந்தப் பசங்க யார், எங்கே ஆடுகிறார்கள் என்று தெரிந்து வைத்துக்கொண்டு கேட்டால், கேள்விக்குக் கொஞ்சம் கனம் வரும். சென்னை அணி ஜெயிக்கட்டும், நானும் டி.வி. முன்னால் உட்காருவேன். அதன் தீர்மானங்களை ஆட்டத்தை வைத்து மட்டும் நிறுப்பேன். ஊர்ப்பாசத்துக்கு திருமுல்லைவாயிலில் வேலை இருக்கிறது.