வீடு வீடாக ஒரு வகுப்பறை

வேலூர் சிஎம்சியில் முதலாண்டு மருத்துவ மாணவர்களை எங்கள் கணியம்பாடி ஒன்றியத்துக் கிராமங்களில் சில வாரம் தங்க வைப்பார்கள். கேள்வித்தாளோடு வீடு வீடாக ஏறி இறங்க வேண்டும்.

"தண்ணி எங்க புடிக்கிறீங்க பாட்டி?"

"மொதல்ல நீ சாப்ட்டியா கண்ணு?"

வேலைக்குக் கிளம்பும் அவசரத்தில் சர்க்கரை மாத்திரை விட்டுப்போகிற கதையெல்லாம் அப்புறம்தான் வெளியே வரும். வகுப்பில் வாயே திறக்காத பிள்ளையும் இங்கே பேசித்தான் ஆக வேண்டும். தமிழ் தெரியாத பிள்ளைக்குப் பக்கத்திலிருப்பவர்தான் வாத்தியார். திரட்டிய விவரத்தை அவர்களே கூட்டிக் கழித்துப் பார்க்கிறார்கள். இறுதியாண்டில் இல்லை, முதலாண்டிலேயே அனுப்புகிறார்களே, எனக்குப் பிடித்ததே அதுதான்.

நான் பாடம் எடுப்பது பொருளியல். நம் பிள்ளைகளையும் இப்படி அனுப்பலாமே என்றால், "சிலபஸ் யார் சார் முடிப்பா?" என்கிறார்கள் சக ஆசிரியர்கள். சனிக்கிழமை விருப்பப்பட்டவர்களை மட்டும் கூட்டிப்போகப் பார்க்கிறேன்.