பின்வாங்கில் இருக்கிற பிள்ளைகள்

எட்மண்டன், இலண்டன்

அன்பு மருமகளுக்கு,

யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் முயற்சியாண்மை படிப்பிக்கப் போகிறாய் என்று அக்கா சொன்னா. பெரிய சந்தோசம். இந்தப் பாடத்தைப் பற்றி எனக்கு ஒரு மனக்குறை இருக்கிறது. அதைச் சொல்லத்தான் எழுதுகிறேன்.

எங்கள் கடையில் சனி, ஞாயிறுகளில் நிற்கிற பிள்ளை இங்கே பல்கலைக்கழகத்தில் இதே பாடம் படிக்கிறாள். அதிகம் கதைக்க மாட்டாள். ஆனால் எட்மண்டன் கிரீன் சந்தையில் விலை பார்த்துவந்து, எங்களுக்கு மரக்கறி போடுகிறவரிடம் வெண்டிக்காய்ப் பெட்டிக்கு விலை குறைத்து வாங்கித் தந்தவள் அவள்தான். முருங்கைக்காய் எவ்வளவு எடுப்பது என்று இப்போது அவளைத்தான் கேட்கிறேன். வகுப்பில் அவளுக்குக் குறைந்த புள்ளி. எல்லார் முன்னாலும் நின்று தன் திட்டத்தைப் படபடவென்று பேசிக்காட்டினால்தான் அங்கே புள்ளியாம். எனக்குப் பொறுக்கவில்லை.

தொழில் பிறவிக்குணம் என்று உனக்கும் யாராவது சொல்வார்கள். நம்பாதே. ஹாவர்ட் உளவியலாளர் டேவிட் மெக்லெலண்ட் 1960களில் ஆந்திராவின் காக்கிநாடா வியாபாரிகளுக்குப் பயிற்சி கொடுத்தார். எட்டக்கூடிய இலக்கை வைத்துச் செய்துபார்க்கும் மனப்பழக்கம்தான் பாடம். பயிற்சி எடுத்தவர்கள் பிறகு மற்றவர்களைவிடத் துடிப்பாகத் தொழில் செய்தார்கள். டோகோ நாட்டில் 1,500 சிறுதொழில்காரரை வைத்துச் செய்த ஆய்வு 2017 இல் வந்தது. தானாக முன்வந்து செய்யப் பழகியவர்களின் இலாபம் 30 வீதம் ஏறியது. வழமையான வியாபாரப் பாடம் படித்தவர்களுக்குச் சொல்லும்படி ஏறவில்லை. நெதர்லாந்தில் கல்லூரி மாணவர்களைச் சிறு கம்பனி நடத்த வைத்தார்கள். திறமையும் கூடவில்லை, தொழில் தொடங்கும் எண்ணமும் குறைந்தது என்று 2010 இல் எழுதினார்கள். ஆக, பாடம் இருந்தால் போதாது. படிப்பிக்கிற விதம்தான் முக்கியம்.

திருநெல்வேலிச் சந்தை உங்களுக்குப் பக்கத்தில்தானே? கொஞ்சக் காசைக் கொடுத்து, வாங்கி விற்கச் சொல்லிப் பிள்ளைகளை அங்கே அனுப்பு. கூச்சப்படுகிற பிள்ளை விலை கேட்கப் பழகும். துணிச்சல்காரன் கணக்கு வைக்கப் பழகுவான். இரண்டு பேருக்கும் ஒரே மருந்து சரிவராது, ஆளைப் பார்த்துச் சொல்லிக்கொடு. பேச்சுக்குக் கொஞ்சப் புள்ளி போடு, செய்ததற்குக் கூடப் போடு.

முதல் மாதம் முடிய எனக்கு எழுது. அதற்குள் பின்வாங்கில் இருக்கிற பிள்ளைகளின் பெயரெல்லாம் உனக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

அன்புடன்,
மாமா