புது பீரோ வந்தால் பழைய பீரோ காலியாகுமா?

"புது மெஷின்தான் வந்திடுச்சே... அப்புறம் எதுக்குடா ராத்திரி முழுக்கக் கண் முழிக்கிறே?" என்றார் அம்மா. நியாயமான கேள்விதான். ஆனால், வீட்டுக்குப் புது பீரோ வந்ததும் பழைய பீரோவில் பிதுங்கும் துணி தானாக அங்கே போய் உட்கார்ந்துவிடுமா என்ன?

நான் இருப்பது ஸ்டோரேஜ் வேலையில். ஒரு ஆஸ்பத்திரியின் ஸ்கேன் படங்கள் எங்கள் சர்வர்களில் இருக்கின்றன.

எந்தப் படத்தை எங்கே வைப்பது? எளிய வழி ஒன்று உண்டு. படத்துக்கு ஒரு எண் கொடுத்து, சர்வர்களின் எண்ணிக்கையால் வகுத்து, மீதி என்ன வருகிறதோ அந்த சர்வரில் வைக்கலாம். நாலு சர்வர் இருக்கும்வரை நிம்மதி. அஞ்சாவது வந்தால் கணக்கே மாறி, 100 படத்தில் 80 இடம் மாற வேண்டியிருக்கும். உதவிக்கு வந்த விருந்தாளி வீட்டையே தலைகீழாக்கிய கதை!

இதற்கு 1997-ல் அமெரிக்காவின் எம்.ஐ.டி.யைச் சேர்ந்த டேவிட் கார்கர், டேனியல் லெவின் உள்ளிட்டோர் ஒரு வழி சொன்னார்கள். பெயர் 'கன்சிஸ்டென்ட் ஹாஷிங்'. ஊரில் புது ரேஷன் கடை திறந்தால் சில தெருக்காரர்களின் கார்டு மட்டும்தானே அங்கே மாறும்? அதே மாதிரி, 20 படம் நகர்ந்தால் போதும். (அந்த லெவின் 2001 செப்டம்பர் 11 தாக்குதலில், விமானத்தில் இறந்துபோனார். வயது 31.)

நாங்கள் பயன்படுத்தும் 'செஃப்' மென்பொருளில் கணக்கு வேறு, நோக்கம் அதேதான். புது இடத்தில் படம் முழுசாகப் போய்ச் சேர்ந்த பிறகே பழைய இடத்தில் அழிக்கும். தங்கமான குணம்!

சிக்கல் வேகத்தில்தான். படங்களை நகர்த்துவதும் அதே டிஸ்க்குகள், டாக்டருக்குப் படம் காட்டுவதும் அதே டிஸ்க்குகள். வேகமாக நகர்த்தினால் எமர்ஜென்சியில் ஸ்கேன் திறக்கத் தாமதமாகும். மெதுவாக நகர்த்தினால் பழைய டிஸ்க் நிரம்பிவிடும். ஒரு டிஸ்க் 95 சதவீதத்தைத் தொட்டாலே எழுதுவதை நிறுத்திவிடும். புது ஸ்கேனைச் சேமிக்க முடியாது.

அன்று ஒரு டிஸ்க் 91-ல் நின்றது. நோயாளிகள் குறைந்த நள்ளிரவில் வேகத்தைக் கூட்டினேன். 90, 88 என்று இறங்கி, விடியற்காலை அஞ்சு மணிக்கு 84. எட்டு மணிக்கு ஓ.பி. ஆரம்பிக்கும் என்பதால், ஏழரைக்கே வேகத்தைக் குறைத்துவிட்டேன். மிச்சப் படங்கள் பகலெல்லாம் ஒவ்வொன்றாக நகர்ந்துகொண்டிருந்தன.