மனை பார்க்கப் போகிறீர்களா?



தைப்பூசத்தன்று ஈப்போ கல்லுமலைக் கோயிலுக்கு ஒரு முறையாவது போகாத தோட்டத்துக் குடும்பம் பேராவில் குறைவு. காவடியும் பால்குடமும் நகரும் அந்தக் கூட்டத்தில் நம் கண்களெல்லாம் முருகன் சந்நிதியை நோக்கியே இருக்கும். பின்னால் நிற்கும் மலையை யார் பார்க்கிறோம்? கூட்டமில்லாத ஒரு நாளில் போய் அந்தக் குனோங் செரோ மலையை அண்ணாந்து பாருங்கள். செங்குத்தான சுண்ணாம்புக்கல். 1973 அக்டோபரில் அதிலிருந்து பெரும்பாறை ஒன்று பெயர்ந்து, அடிவாரத்திலிருந்த நீண்ட வீட்டின்மேல் விழுந்தது. ஏறக்குறைய 40 உயிர்கள் போயின.

அண்மையில் நானும் என் தந்தையும் அங்கே நின்றோம். சாமி கும்பிட மட்டுமல்ல. மனை தேடிக் கிளம்பிய வழியில்.

நான் லயத்து வீட்டில் பிறந்தவன். அப்பா பால்மரம் வெட்டினார். வேலை இருக்கும்வரைதான் அந்த வீடு என்பது உங்களுக்கும் தெரிந்த கதைதான். தோட்டம் கைமாறி மரங்கள் சாய்க்கப்பட்டபோது நாங்கள் தட்டுமுட்டுச் சாமான்களோடு லாரி ஏறினோம். அம்மா தாம் நட்ட முருங்கையைத் திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டே வந்தார். இன்று அம்மா இல்லை. இத்தனை ஆண்டுகள் சிறுகச் சிறுகச் சேர்த்ததைக் கொண்டு, அப்பா கண்ணை மூடுமுன் சொந்த மண்ணில் ஒரு வீடு கட்டிவிட வேண்டும்.

லஹாட் பக்கம் ஒரு மனை வந்தது. மேடு பள்ளமில்லாத நிலம், விலையும் குறைவு. தரகர் முன்பணம் கேட்டு அவசரப்படுத்தினார். நானும் பணத்தை எடுத்துக்கொண்டுதான் போனேன். பக்கத்தில் ஆடு மேய்த்துக்கொண்டிருந்த பெரியவர் ஒருவர், "வாத்தியாரே, நாலு நாள் நல்லா மழை பெய்யட்டும், அப்புறம் வந்து பாருங்க" என்றார்.

மழைக்குப் பின் போனேன். நிலத்தின் பின்பாதியில் கால் கணுக்கால்வரை புதைந்தது. பெரியவர் சொன்ன பிறகே விளங்கியது. அது பழைய ஈயக்குட்டையைத் தூர்த்த இடம்.

கிந்தாப் பள்ளத்தாக்கின் கதையே இதுதான். நூறு ஆண்டுகளுக்கும் மேலாக இங்கே ஈயம் தோண்டினார்கள். தண்ணீரைப் பீய்ச்சி மண்ணைக் கரைத்து, ஈயத்தை எடுத்துக்கொண்டு மணலையும் சேற்றையும் விட்டுப் போனார்கள். 1985-இல் ஈய விலை சரிந்ததும் பல சுரங்கங்கள் மூடப்பட்டன. மணல் ஒருவாறு தாங்கும். நுண்சேறோ பல ஆண்டுகளானாலும் இறுகாது. மேலே புல் முளைத்துவிட்டால் கண்ணுக்குத் தெரியாது. கட்டிய வீடு ஒரு பக்கம் அமிழ்ந்து சுவர் பிளந்த பிறகுதான் தெரியும். அடியில் சுண்ணாம்புப் பாறை இருப்பதால் சில இடங்களில் திடீரென்று குழி விழுவதும் உண்டு.

ஆகவே, விலையைக் கேட்குமுன் அந்த நிலத்தின் பழைய கதையைக் கேளுங்கள். முன்பு அங்கே என்ன இருந்தது, வெள்ளம் எதுவரை ஏறும் என்று அக்கம்பக்கத்து முதியவர்களிடம் விசாரியுங்கள். மலையடி என்றால் தள்ளியே நில்லுங்கள்.

அடுத்தது பட்டா. தரகர் காட்டும் நகலை நம்பிவிடாதீர்கள். நில அலுவலகத்தில் சிறு கட்டணம் செலுத்தி நீங்களே பதிவைப் பார்க்கலாம். உரிமையாளர் யார், அடமானம் உண்டா, நிரந்தர உரிமையா, 99 ஆண்டுக் குத்தகையா, குத்தகையானால் எத்தனை ஆண்டு மிச்சம் என்பதெல்லாம் அதில் இருக்கும். விவசாயம் என்று பதிவான நிலத்தைத் துண்டு போட்டு வீட்டு மனையாக்க மாநில அரசின் அனுமதி வேண்டும். பழைய ரப்பர் காடுகளை மனையென்று விற்பவர்களிடம் இதை முதலில் கேளுங்கள்.

லஹாட் மனையை விட்டுவிட்டோம். தரகருக்குக் கோபம், எனக்கோ பணம் பிழைத்தது. பிறகு கோப்பெங் சாலையில் சற்றே மேடான ஒரு சிறிய மனையைப் பார்த்தோம். மழையிலும் வெயிலிலுமாக மூன்று முறை போனோம். பட்டாவையும் பார்த்தாயிற்று. மூன்றாம் முறை அப்பா குனிந்து ஒரு பிடி மண்ணை அள்ளிப் பிசைந்தார். வேறெதுவும் சொல்லவில்லை.

"முருங்கை வரும்ப்பா" என்றார்.